கர்ப்பத்துக்குப் பெயர் மாற்றம் கிடையாது

தர்மபுரியில் மழலைப் பெருக்க ஊக்குவிப்பு மாவட்ட அலுவலகம் திறக்கப்பட்டபோது அதற்கென்று புதுக் கட்டடம் எதுவும் கட்டவில்லை. முன்பு குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரச்சாரத்துக்கு வைத்திருந்த பழைய கட்டடத்துக்கே வெள்ளையடித்தார்கள். சுவரிலிருந்த சிவப்பு முக்கோணத்தை இரண்டு பூச்சு சுண்ணாம்பு மறைத்தது. அதன் மேல் 'நிறைந்த தொட்டில், நிமிர்ந்த நாடு' என்று எழுதினார்கள். மழையில் சுவர் ஊறினால் பழைய முக்கோணம் மங்கலாகத் தெரியும். அந்த நாட்களில் வருகிறவர்களைப் பின்வாசல் வழியாக வரச் சொல்வார்கள்.

அலுவலரையும் புதிதாகத் தேடவில்லை. நஞ்சப்பன் இளவயதில் கருத்தடை முகாமுக்கு ஆள் பிடித்துக் கொடுத்ததில் முதலாவதாக வந்து கேடயம் வாங்கியவர். சந்தைக்கு ஆடு விற்க வந்தவரை டீ குடிக்கக் கூப்பிட்டுப் போய் முகாமில் படுக்க வைத்தார் என்று அவரைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. அவர் அதை மறுத்ததில்லை. அந்தக் கேடயம் இன்னும் அவர் மேஜை மேலேயே இருக்கிறது. ஆள் பிடிப்பது ஆள் பிடிப்பதுதான், எதற்குப் பிடித்தால் என்ன என்பது அவருடைய கொள்கை.

அன்பரசி அதே வளாகத்தில் மாடியில் வேலை பார்த்தாள். விவசாயிகளுக்கு மாங்கன்று கொடுக்கிற அலுவலகம் அது. வருடா வருடம் புதுப்பிக்கிற ஒப்பந்த வேலை. கணவன் மாதவராஜ் தொப்பூரில் லாரிக்காரர்கள் சாப்பிடுகிற ஓட்டலில் கல்லாவில் உட்காருகிறான். குடியிருப்பது அதியமான்கோட்டையில், ஜான் பீ அம்மாவின் மாடி வீட்டில். கல்யாணமாகி ஐந்து வருடமாகிறது. குழந்தை இல்லை. அவர்களுக்கு வேண்டாம். இதில் துக்கமும் இல்லை, ரகசியமும் இல்லை. கல்யாணத்துக்கு முன்பே பேக்கரியில் உட்கார்ந்து ஆளுக்கொரு பப்ஸ் தின்றுகொண்டே பேசி முடித்த விஷயம். ஆனால் இல்லை என்றால் டாக்டர் முகவரி தருகிற ஊர், வேண்டாம் என்றால் மந்திரிப்பவர் முகவரி தருகிறது. ஆகையால் இரண்டு பேரும் கேட்டவர்களிடம் சிரித்து வைத்துவிட்டு வேலையைப் பார்த்தார்கள்.

அலுவலகத்தின் முதல் விழா நூறு பேர் வளைகாப்பு. வளாகத்திலேயே பந்தல் போட்டார்கள். மேலிடத்திலிருந்து சிறப்பு விருந்தினர் வருகிறார். நூறு நாற்காலி, நூறு தாம்பாளம், ஐந்து வகைச் சாதம் எல்லாம் வந்து சேர்ந்தன. கர்ப்பிணிகள்தான் குறைந்தார்கள். காரிமங்கலத்தைத் தாண்டிவிட்டார் என்று போன் வந்ததும் நஞ்சப்பன் காலி நாற்காலிகளைப் பார்த்தார். பிறகு மாடியைப் பார்த்தார். மாடியிலிருந்த பெண்கள் அத்தனை பேரும் இறக்கப்பட்டார்கள்.

"நான் வேற துறைங்க," என்றாள் அன்பரசி.

"தாய்மைக்குத் துறை கிடையாதும்மா. சும்மா உக்காரு. உன் ஒப்பந்தம் இந்த மாசந்தான முடியுது?" என்றார் நஞ்சப்பன்.

எழுத்தர் பச்சியப்பன் ஒரு கூடை நிறைய மடித்த துண்டுகளோடு வந்தார். இடுப்பில் கட்டிக்கொள்ள ஆளுக்கு ஒன்று. அன்பரசி வாங்க மறுத்தாள். சரி, அஞ்சு மாசம்னு எழுதிக்கறேன், அதுல அவ்வளவா தெரியாது என்று பச்சியப்பன் பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்து, முதல் வரிசையில் ஒரு நாற்காலியைக் காட்டினார். நாற்காலியின் முதுகில் 'வெண்மதி, சித்தேரி மலை' என்று காகிதம் ஒட்டியிருந்தது. அதைக் கிழித்து அன்பரசியின் பெயரை ஒட்டினார்.

விருந்தினர் வந்து, அன்பரசியின் கன்னத்தில் சந்தனம் தடவி, கையில் வளையல் அடுக்கினார். படம் எடுத்தார்கள். நாலு கர்ப்பிணிகள் நடுவே அவள் ஒருத்திதான் மூச்சு வாங்காமல், கால் வீங்காமல், தெளிவான முகத்தோடு இருந்தாள். தாய்மையின் பொலிவு என்று விருந்தினர் அவளைத்தான் சுட்டிக் காட்டினார். பெண்கள் படிக்கட்டும், வேலைக்குப் போகட்டும், தான் அதற்கெல்லாம் எதிரி இல்லை, மிச்சமிருக்கிற நேரத்தில் நாலு பெற்றுக்கொண்டால் போதும் என்று பேசிவிட்டு உட்கார்ந்தார். அடுத்து நஞ்சப்பன் மைக்கைப் பிடித்தார்.

"ஒரு காலத்துல இந்த மாவட்டத்துல பொறப்பைக் குறைச்சவன் நானு. இன்னைக்குக் கூட்டறவனும் நானு. மேல என்னா சொல்றாங்களோ அதைச் செய்வேன். நாளைக்கு நிறுத்துன்னா நிறுத்திடுவேன். பொறந்தது என்னா ஆச்சுன்னு நான் ஒருநாளும் திரும்பிப் பாத்ததில்ல. அப்படிப் பாத்திருந்தா இந்தக் கேடயம் வாங்கியிருக்க முடியுங்களா?"

பந்தல் அதிரக் கை தட்டினார்கள். அன்பரசி மட்டும் வெளிவாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே வயிறு தள்ளிய ஒரு பெண்ணைக் காவலாளி உள்ளே விட மறுத்துக்கொண்டிருந்தார். நாற்காலி நிறைந்துவிட்டதாம்.

விழா முடிந்ததும் அன்பரசி வெளியே ஓடினாள். அந்தப் பெண் சைக்கிள் ஸ்டாண்டு நிழலில் உட்கார்ந்திருந்தாள். அவள்தான் வெண்மதி. மலையிலிருந்து முதல் பஸ் பழுதாகி நின்றுவிட்டது, அடுத்த பஸ் பிடித்து அரூர் வந்து, அங்கிருந்து மாறி வருவதற்குள் நேரமாகிவிட்டது என்றாள். அவளுக்கு வளையலும் சோறும் பெரிதில்லை. தாய்மை ரதம்தான் வேண்டும். அது இந்த அலுவலகத்தின் ரோஜா நிற வேன். பிரசவ வண்டி எல்லாவற்றையும் இந்தத் திட்டத்தோடு சேர்த்துவிட்டார்கள். வளைகாப்பில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் ரதம் வரும்.

"போன தடவ வலி எடுத்தப்போ பஸ்ஸு வர்ற வரைக்கும் ரோட்டுலயே கெடந்தேங்க்கா. கொழந்த பஸ்ஸுலயே போயிடுச்சு. பொம்பளப் புள்ள," என்றாள். அவள் புருஷன் மாது பெங்களூரில் சென்ட்ரிங் வேலையில் இருக்கிறான்.

அன்பரசி தன் கையிலிருந்த வளையல்களைக் கழற்றி அவள் கையில் போட்டாள். போன் நம்பரையும் கொடுத்தாள். நாளைக்கே பேர் மாற்றித் தந்துவிடுகிறேன் என்றாள். பாவம், அவள் வேலை பார்த்தது மாங்கன்று அலுவலகத்தில். அங்கே ஒருவர் வாங்காத கன்றை இன்னொருவர் பேருக்கு அன்றே மாற்றித் தருவார்கள்.

மறுநாள் கீழே போய், தன் கர்ப்பத்தை வெண்மதி பேருக்கு மாற்றித் தர வேண்டும் என்று கேட்டாள். பச்சியப்பன் இதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. பட்டாவுக்குப் பெயர் மாற்றம் உண்டு, மின் இணைப்புக்கு உண்டு, கர்ப்பத்துக்குக் கிடையாது என்றார். ஒரு முறை தொடங்கிய கர்ப்பம் மூன்று விதத்தில்தான் முடியும். பிரசவம், கலைப்பு, சாவு. இதில் எது என்று சொன்னால் உடனே முடித்துத் தருவதாகவும் சொன்னார்.

"நான் கர்ப்பமே இல்லைங்க. நீங்கதான உக்கார வெச்சீங்க."

"நேத்து இருந்துச்சு, இன்னைக்கு இல்லைன்னா கலைச்சிருக்கணும். எங்க கலைச்சீங்க? ஸ்கேன்ல பொண்ணுன்னு சொன்னாங்களா? நம்ம மாவட்டத்துக்கு ஏற்கெனவே கெட்ட பேருங்க. இது போலீஸ் கேஸு."

அப்படியானால் தான் கர்ப்பமாகவே இருந்துவிட்டுப் போகிறேன், வெண்மதியைக் கூடுதலாக ஒரு ஆளாகச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அன்பரசி இறங்கி வந்தாள். அதுவும் முடியாதாம். நூறு என்று மேலே சொல்லியாகிவிட்டது. நூற்றியோராவது ஆள் வந்தால் நூறு தப்பு என்று ஆகிவிடும்.

சத்தம் கேட்டு நஞ்சப்பன் வந்தார். உண்மையில் கர்ப்பம் இல்லை என்பதை அவர் ஒரு நொடியில் ஒப்புக்கொண்டார். அது அவருக்குப் பிரச்சினையாகவே இல்லை. ஐந்து வருடமாக ஏன் இல்லை என்பதுதான் அவருக்குப் பிரச்சினை. பணக் கஷ்டமா, உடம்பா, மாமியாரா, ஜாதகமா என்று நாலு காரணங்களைச் சொல்லி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்.

"வேணும்னு தோணலைங்க," என்றாள்.

அப்படி ஒரு காரணம் கிடையாது என்றார் நஞ்சப்பன். தன் பணிக்காலத்தில் வேண்டாம் என்றவர்களைப் பெற வைத்ததும் உண்டு, வேண்டும் என்றவர்களை நிறுத்தியதும் உண்டு, யாரும் காரணம் சொன்னதில்லை, தானும் கேட்டதில்லை, நிர்வாகம் அவ்வளவு சுமுகமாக நடந்தது என்று வருத்தப்பட்டார். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தோணுகிறது, தோணவில்லை என்கிற வியாதி வந்திருக்கிறது என்று சொல்லி, அதற்குச் சிகிச்சையாகப் புருஷனையும் கூட்டிக்கொண்டு மனமாற்ற முகாமுக்கு வரச் சொன்னார். வராவிட்டால் ஒப்பந்தம் என்று தொடங்கி, வாக்கியத்தை முடிக்காமல் விட்டார்.

குழந்தை வேண்டாதோர் மனமாற்ற முகாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. ஓட்டலுக்கு லீவு போட்டு மாதவராஜும் வந்தான். இவர்களைப் போல இன்னும் பத்துப் பன்னிரண்டு ஜோடிகள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தன. ஆண்களைக் கூப்பிட்டு ஒரு பிளாஸ்டிக் பொம்மையைக் குளிப்பாட்டச் சொன்னார்கள். பொம்மைக்கு ஒரு கை இல்லை. பழைய பிரச்சார நாடகங்களில் தேவையில்லாத மூன்றாவது குழந்தையாக நடித்துத் தெருத்தெருவாகத் தூக்கி எறியப்பட்ட பொம்மை அது. மாதவராஜ் அதன் தலையில் தண்ணீர் ஊற்றியபோது உடைந்த தோள் வழியாக உள்ளே போய்க் கால் வழியாக வந்தது. தகப்பன் ஆகத் தகுதி பெற்றான் என்று அவனுக்குக் கை தட்டினார்கள்.

கடைசியில், நீங்கள் பெற்றுக் கொடுங்கள், மற்றதை அரசாங்கம் பார்த்துக்கொள்ளும், சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றார் நஞ்சப்பன். ஒருத்தி எழுந்து, வேலைக்குப் போகும்போது குழந்தையை எங்கே விடுவது என்று கேட்டாள். அது வேற துறை என்றார். ஒப்பந்த ஊழியருக்குப் பிரசவ விடுப்பு உண்டா என்று இன்னொருத்தி கேட்டாள். அது வேற துறை. பள்ளிக்கூடம்? வேற துறை. மலையில் டாக்டர்? அது சுத்தமாக வேற துறை. அன்பரசி எழுந்தாள்.

"அப்ப உங்க துறை என்னாதாங்க செய்யும்?"

"வாழ்த்துச் சொல்லும்மா," என்றார் நஞ்சப்பன். சொல்லும்போது அவர் முகத்தில் உண்மையான பெருமிதம் இருந்தது.

அதற்குள் அன்பரசியின் முகம் அதியமான்கோட்டைப் பிரிவில், பெங்களூர் பஸ்ஸிலிருந்தே தெரிகிற உயரத்தில் ஃப்ளெக்ஸாக ஏறிவிட்டது. கன்னத்தில் சந்தனம், கை நிறைய வளையல், கீழே 'நான் தயார், நீங்கள்?' என்று கேள்வி. தெருவில் பார்த்தவர்கள் எல்லாம் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஜான் பீ அம்மா மாடிப்படியில் ஓடாதே என்று அதட்டினார். உண்மையைச் சொன்னபோது, கண் பட்டுவிடும் என்று மறைக்கிறாள் என நினைத்து இன்னும் பாசமானார். மாதா மாதம் களப்பணியாளர் வந்து எடை பார்த்தார். எடை ஏறவே இல்லை. குழந்தை நல்ல வளர்ச்சி என்று ஒவ்வொரு மாதமும் எழுதிக்கொண்டு போனார்.

ஒவ்வொரு மாதமும் அன்பரசியும் கீழே போய் வெண்மதிக்காகக் கேட்டாள். ஒவ்வொரு மாதமும் அதே பதில். அவளுக்கு ஆத்திரமாக வந்தது. வேண்டாம் என்றவளுக்கு வீடு தேடி வந்து சத்துமாவு கொடுக்கிறார்கள். வேண்டும் என்று தவிக்கிறவள் மலைமேல் பஸ்ஸை எண்ணிக்கொண்டு கிடக்கிறாள். இவர்களுக்குக் குழந்தையே வேண்டாம், நூறு மட்டும்தான் வேண்டும் என்று மாதவராஜிடம் சொல்லி அழுதாள். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு குழந்தைக்காக அழுதாள் என்றும் சொல்லலாம். அது அடுத்தவளின் குழந்தை.

ஒரு காலை வெண்மதி போன் செய்தாள். விடிந்ததிலிருந்து விட்டு விட்டு வலிக்கிறது. ரதத்துக்குப் போன் போட்டால் பெயர் இல்லை என்று வைத்துவிட்டார்கள். மத்தியானப் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறோம் என்றாள். பஸ் என்ற சொல்லைச் சொல்லும்போது அவள் குரல் உடைந்தது.

அன்பரசி அந்த நிமிடமே ரதத்துக்குப் போன் போட்டாள். தன் பெயரைச் சொல்லி, வலி வந்துவிட்டது என்றாள். ஃப்ளெக்ஸ் அன்பரசியா என்று மறுமுனை பதறியது. கொஞ்ச நேரத்தில் ரோஜா நிற வேன் மாலையும் மைக் செட்டுமாக வாசலுக்கு வந்துவிட்டது. ஓட்டியவர் குமார். அவர் ஃப்ளெக்ஸில் பார்த்த முகத்தைத்தான் தேடினார், வயிற்றைப் பார்க்கவில்லை. செவிலியர் இருக்கையில் ஒரு போட்டோகிராபர் உட்கார்ந்திருந்தார். செவிலியர் இடம் இன்னும் நிரப்பவில்லையாம், போட்டோகிராபர் இடத்தை மட்டும் திறப்பு விழாவுக்கு முன்பே நிரப்பிவிட்டார்கள். ஜான் பீ அம்மா துஆ செய்து வழியனுப்பினார்.

"பெரியாஸ்பத்திரிதானுங்களே?" என்றார் குமார்.

"சித்தேரி."

குமார் திரும்பிப் பார்த்தார். வலி வந்தவர்கள் மலையிலிருந்து இறங்கித்தான் அவர் பார்த்திருக்கிறார். ஏறிப் பார்த்ததில்லை.

"தலைப்பிரசவம் தாய் வூட்டுலதாங்க. எங்க வழக்கம். எங்க ஆத்தா வூடு அங்கதான் இருக்குது," என்றாள் அன்பரசி. அவள் அம்மா வீடு பென்னாகரத்தில் இருந்தது.

குமார் வண்டியைத் திருப்பினார். அவர் மனைவியும் தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குத்தான் போயிருக்கிறாள். வழக்கத்தை மீறச் சொல்லி அலுவலகத்தில் எந்த உத்தரவும் போடவில்லை. வண்டி அரூர் வழியாக மலையேறியது. வழி நெடுக மைக் செட், நிறைந்த தொட்டில் நிமிர்ந்த நாடு என்று பாடிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அன்பரசி, வெண்மதிக்கு வலி எப்படி இருக்கிறது என்று போனில் கேட்டாள். பக்கத்திலிருந்த போட்டோகிராபர், அவள் தன் வலியைப் பற்றித்தான் யாரிடமோ பேசுகிறாள் என்று நினைத்துப் படம் எடுத்தார்.

வெண்மதி ரோட்டோரம் படுத்திருந்தாள். தாய் தீர்த்தம்மாளின் மடியில் அவள் தலை இருந்தது. அன்பரசி இறங்கி, அவளைத் தூக்கி ஏற்றிப் படுக்க வைத்ததும்தான் குமாருக்கு விஷயம் புரிந்தது. பெயர் இல்லாத ஆளை ஏற்றினால் தன் வேலை போய்விடும் என்றார்.

"வண்டியில என் பேருதான இருக்குது. நானும் உள்ளதான் இருக்கறேன். துணைக்கு ரெண்டு பேரு வரலாம்ல? ஒண்ணு அவங்க அம்மா. இன்னொண்ணு இவங்க. வண்டிய எடுங்க, உங்கள கும்பிட்டுக் கேக்கறேன்," என்றாள் அன்பரசி.

குமார் வெண்மதியின் முகத்தைப் பார்த்தார். பிறகு மைக் செட்டை அணைத்துவிட்டு வண்டியை எடுத்தார். அந்தத் திட்டத்தில் யாராவது யோசித்துச் செய்த காரியம் அது ஒன்றுதான். அடிவாரத்து ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்ற கொஞ்ச நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. உயிரோடு, உரக்க அழுதுகொண்டு பிறந்தது. தீர்த்தம்மாள் அன்பரசியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

ஆனால் ரதத்தில் வந்தவர் அன்பரசி. ஆகவே பெற்றவர் அன்பரசி. ஆஸ்பத்திரியில் என்ன எழுதினார்கள் என்பதை நஞ்சப்பன் பொருட்படுத்தவில்லை. குழந்தையே வேண்டாம் என்றிருந்தவள் முகாமால் மனம் மாறிப் பெண் பிள்ளை பெற்றாள் என்று அன்றைக்கே மேலே செய்தி போனது. முகாமுக்கு முன்பே ஐந்து மாதம் என்று எழுதியிருந்ததை மேலேயும் யாரும் பார்க்கவில்லை. ரதத்தில் வந்த குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழை விழா மேடையில்தான் தருவார்கள். சான்றிதழில் தாய் அன்பரசி, தந்தை மாதவராஜ். பொம்மையைக் குளிப்பாட்டிய அனுபவம் உள்ளவன் என்று அவனைப் பற்றி ஒரு வரி வேறு.

அன்பரசி கீழே போய்க் கத்தினாள். பச்சியப்பன் அமைதியாகக் கேட்டார். அந்த வெண்மதிக்கு அவ்வளவு ஆசை இருந்தால் குழந்தையை முறைப்படி தத்து எடுத்துக்கொள்ளட்டும் என்றார். அதற்கு எங்கே போவது என்று கேட்டதற்கு, அது வேற துறை என்றார்.

மேடையிலேயே சொல்லிவிடலாம் என்றுதான் அன்பரசி விழாவுக்குப் போனாள். பச்சை உடம்போடு வெண்மதியும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மலையிலிருந்து வந்திருந்தாள். வாசலில் அதே காவலாளி. குழந்தைக்கு அனுமதி உண்டு, அவளுக்கு இல்லை என்றார். கைக்குழந்தையை வாங்கிப் பச்சியப்பனிடம் கொடுத்தார். பச்சியப்பன் அதைத் துண்டுக்கூடையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு மேடைக்குப் போய் அன்பரசியின் கையில் வைத்தார். வெண்மதி வாசல் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ரவிக்கையில் பால் நனைந்திருந்தது.

பந்தல் நிறைந்திருந்தது. அதே சிறப்பு விருந்தினர். பசியில் குழந்தை வீறிட்டது. மேளத்தைக் கொஞ்சம் சத்தமாக வாசிக்கச் சொன்னார் நஞ்சப்பன். பிறகு அன்பரசியின் கையில் மைக்கைக் கொடுத்து, தாய்மையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லச் சொன்னார்.

"இது என் புள்ள இல்லைங்க. பெத்தவங்க கேட்டாண்ட நிக்கறாங்க. எனக்குப் புள்ள வேணாம். அவங்களுக்கு வேணும். இந்த ரெண்டையும் நாலு மாசமா சொல்லிட்டு இருக்கறேன்," என்றாள்.

கூட்டம் கை தட்டியது. மேடையில் யார் பேச்சை நிறுத்தினாலும் கை தட்டிப் பழகிய கூட்டம். விருந்தினர் போட்டோவுக்காகச் சிரித்துக்கொண்டிருந்தார், எதையும் கேட்கவில்லை. அன்பரசி சான்றிதழை மேஜை மேல் அப்படியே விட்டுவிட்டு, குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கினாள். ஒயர் இல்லாத மைக் இன்னும் கையிலேயே இருந்தது. நாற்காலிகளுக்கு நடுவே வாசலை நோக்கி நடந்தாள். மாதவராஜ் முன்னால் ஓடிப் போய், காவலாளி கையைத் தட்டிவிட்டுக் கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டான். குழந்தை வெண்மதியின் கைக்குப் போய் மார்பில் வாய் வைத்தது. அழுகை நின்றது.

மேடையில் விருந்தினர் நஞ்சப்பனின் காதில் ஏதோ சொன்னார். நஞ்சப்பன் இன்னொரு மைக்கை எடுத்தார்.

"அம்மா அன்பரசி, ஐயா கேக்கறாரு. அடுத்தது எப்போ?"

அவள் திரும்பினாள்.

"அது வேற துறைங்க," என்றாள்.

நல்ல மைக். கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. இந்த முறை யாரும் கை தட்டவில்லை.